எட்டாம் மாதத்தில் கொலஸ்ட்ரால் 286: மாத்திரை எதற்கு?

சேரன்மகாதேவிப் பக்கத்து வாசகி ஒருவர், தமக்கு எட்டாம் மாதம் நடப்பதாகவும், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்த பரிசோதனை நிலையம் கொலஸ்ட்ரால் 286, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பு) 274, ஆல்கலைன் பாஸ்படேஸ் (கல்லீரலும் சுரக்கும் ஒரு நொதி) 240 எனத் தடித்த எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்து, கல்லீரல் கெட்டுவிட்டதென்று கொழுப்பு மாத்திரையும் வாங்கச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறார். இரவில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கின்றன என்றும், அது உடம்புச் சூடு என்று அத்தை சொல்வதாகவும் கடைசி வரியில் சேர்த்திருக்கிறார்.

அந்த மூன்று எண்களுக்காக நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வளரும் பிள்ளைக்காகத் தாயின் ரத்தத்தில் கொழுப்பு ஏறுவது இயற்கை. கடைசி மூன்று மாதங்களில் ட்ரைகிளிசரைடு இரண்டு மூன்று மடங்குகூட ஆகும். ஆல்கலைன் பாஸ்படேஸை நஞ்சுக்கொடியும் சுரக்கிறது. தாளில் அச்சிட்டுள்ள 'சரியான அளவு' கர்ப்பிணி அல்லாதவர்களுக்கு உரியது. இதை அறிந்தும் அறியாததுபோல் 'முழு உடல் பரிசோதனை' என்று வீடு வீடாக விற்று, பயந்தவரிடம் அடுத்த பரிசோதனையையும் விற்கும் முகவர்களை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ரத்தம் எடுக்க வந்தவர் மருந்து சொல்லக் கூடாது. அந்த மாத்திரை ஸ்டேட்டின் வகையாக இருந்தால், உங்களுக்கு அதை இப்போது தொடங்க இடமே இல்லை.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு வேண்டும்; 1000-ஐத் தாண்டினால் கணையம் வெந்து வீங்கும் ஆபத்து உண்டு. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் கடும் வலியும் வாந்தியும் அதன் அடையாளம். சர்க்கரை நோய் உள்ளவர்களும், பரம்பரையாகக் கொழுப்பு மிகுந்த குடும்பத்தவரும் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. உங்கள் 274 அந்த எல்லைக்கு வெகு தூரத்தில் இருக்கிறது.

நான் கவலைப்படுவது உங்கள் கடைசி வரியைப் பற்றித்தான். தோலில் தடிப்பு எதுவும் இல்லாமல், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இரவில் கூடும் அரிப்பு, கல்லீரலில் பித்தம் தேங்குவதால் வரக்கூடும். அதைக் காட்டுவது ரத்தத்தில் உள்ள பித்த அமில அளவு. எதையெதையோ அளந்து பணம் வாங்கியவர்கள் இந்த ஒன்றை அளக்கவில்லை! சிறிய ஊர்களில் இது கிடைக்காமல், மாதிரி வெளியூர் போய் முடிவு வரக் காத்திருக்க வேண்டியிருப்பது எனக்குத் தீராத ஆத்திரம். பித்த அமில அளவு 100 மைக்ரோமோலைத் தாண்டினால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் கூடுவதால், பிரசவத்தை முன்கூட்டியே நடத்துவார்கள். ஆகவே நாளைக்கே உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் அரிப்பைச் சொல்லி, பித்த அமிலத்தோடு, கல்லீரலின் நிலையைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி., பிலிருபினும் பார்க்கச் சொல்லுங்கள். கொழுப்பைப் போல, வெறும் கர்ப்பத்தால் இவை எல்லை தாண்டி ஏறுவதில்லை. முடிவு சரியாக இருந்தும் அரிப்பு நிற்கவில்லையென்றால், ஒரு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

சூடு தணிய எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை. ஆனால் கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து நாளைக் கடத்துவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். மஞ்சள், வலப்பக்க மேல்வயிற்று வலி, ஓயாத வாந்தி, கடும் தலைவலி, பார்வை மங்கல், பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐ அழைத்து, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி போன்ற, ரத்த வங்கி உள்ள இடத்துக்கு அன்றே போய்விடுங்கள்.

பித்தத் தேக்கம் என்று உறுதியானால், பிரசவத்துக்குப் பின் அரிப்பு அடங்கிவிடும். அடுத்த கர்ப்பத்தில் திரும்ப வரக்கூடும் என்பதால், தாய்சேய் அட்டையில் அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.