24 கடிகாரங்களை ஒன்றாக அளக்க எதை வாங்கலாம்?

கேள்வி: பழைய சாவி கடிகாரங்களை வாங்கிப் பழுது பார்த்துக் கொடுக்கிறேன். எங்கள் வீட்டுப் பட்டாலைச் சுவரில் இப்போது 24 பெண்டுலம் கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு ஒளி சென்சார் வைத்து, எது நாளைக்கு எத்தனை வினாடி முந்துகிறது, எது பிந்துகிறது என்று கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும். ஒரு கடையில் 16 சேனல் அனலாக் கார்டு சொன்னார்கள், சிக்னலின் வோல்ட் அளவை வினாடிக்கு 2,50,000 தடவை மாதிரி எடுக்குமாம். மருமகனோ 8 சேனல் லாஜிக் அனலைசர் (சிக்னல் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பதியும் கருவி) மூன்று வாங்கினால் போதும் என்கிறார். எதை வாங்க?
- வாசகர், காரைக்குடி

பதில்: இரண்டும் வேண்டாம். இரண்டு பேருமே வேகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் உங்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கருவிக்குள் ஓடும் கடிகாரம் எவ்வளவு சரியானது என்பதைத்தான்.

ஒரு நாளைக்கு 86,400 வினாடி. அதில் 1 வினாடி பிசகினால் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு. சாதாரண போர்டுகளில் நேரத்தை எண்ணத் துடிப்புக் கொடுக்கும் கிரிஸ்டல் பத்து லட்சத்தில் 50 பங்கு வரை தவறலாம், அதாவது நாளைக்கு 4 வினாடிக்கு மேல். அதை நம்பி ஒரு கடிகாரம் 3 வினாடி பிந்துகிறது என்று பெண்டுலத்துக்குக் கீழே உள்ள நட்டைத் திருகினீர்கள் என்றால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைக் கெடுத்துவிடுவீர்கள்.

அனலாக் கார்டு அந்த 2,50,000-ஐ 16 சேனலுக்கும் பங்கு போடும். சேனலுக்கு 64 மைக்ரோ வினாடிக்கு (ஒரு மைக்ரோ வினாடி என்பது வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஒரு மாதிரி, அது போதும்தான், ஆனால் 24 கடிகாரம் அதில் அடங்காது. லாஜிக் அனலைசரை 24 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் ஒன்றே நாளைக்கு 2 டெராபைட் கொட்டும், சிக்னல் மாறாத நேரத்தையும் சேர்த்துப் பதிவதால். அதைவிடப் பெரிய சிக்கல், மூன்றும் மூன்று தனிக் கிரிஸ்டலில் ஓடும், ஒன்றின் நேரத்தை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது.

சிக்னல் மாறும்போது மட்டும் நேரத்தைக் குறித்துக்கொள்ளும் கருவிதான் உங்களுக்குச் சரி. ராஸ்பெரி பை பிக்கோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்று வாங்குங்கள். அதில் பயன்படுத்தக்கூடிய 26 பின்கள் இருக்கின்றன, 24 கடிகாரத்துக்குப் போக மீதியில் ஒன்றில் ஜிபிஎஸ் மாட்யூல் செயற்கைக்கோள் நேரத்தைப் பார்த்துத் துல்லியமாகத் தரும் ஒரு வினாடித் துடிப்பைக் கொடுங்கள். இதுதான் முக்கியம். ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே போர்டு 10,00,040 மைக்ரோ வினாடி என்று எண்ணினால், அதன் கிரிஸ்டல் பத்து லட்சத்தில் 40 பங்கு வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். மற்ற 24 கணக்கையும் அதே விகிதத்தில் வகுத்துவிடலாம், விலை உயர்ந்த கிரிஸ்டலே தேவையில்லை. ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்கு வானம் தெரிய வேண்டும், உங்கள் வளவு முற்றம் அதற்கென்றே கட்டியது மாதிரி.

நேரத்தைப் போர்டுதான் குறிக்க வேண்டும், கம்ப்யூட்டர் அல்ல. யூஎஸ்பி வழியாக வந்து சேர்வதற்குள் சில மில்லி வினாடி முன்பின் ஆகும். ஒரு நாள் சராசரிக்கு அதனால் குற்றமில்லை, ஆனால் டிக்கும் டாக்கும் சமமாக விழுகிறதா, சக்கரத்தில் எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் தெரிய வேண்டும் என்றால் மைக்ரோ வினாடி வேண்டும், பழுது பார்ப்பவருக்கு அதுதானே உண்மையில் பயன்! 25 செ.மீ. அளவுள்ள பெண்டுலம் வினாடிக்கு இரண்டு முறை நடுவைக் கடக்கும், 24-க்கும் சேர்த்து நாளைக்குச் சுமார் 41 லட்சம் பதிவு. பழைய லேப்டாப்பே தாங்கும்.

அப்புறம், வெப்பநிலையையும் கூடவே பதியுங்கள். எஃகுக் கம்பி உள்ள பெண்டுலம் 1 டிகிரி சூடு ஏறினால் நாளைக்கு அரை வினாடி பிந்தும், சித்திரை வெயிலில் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மரக் கம்பி இவ்வளவு நீளாது.

சென்சாருக்கு 3.3 வோல்ட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள், பின்னுக்குள் 5 வோல்ட் போனால் பிக்கோ கெட்டுவிடலாம். முற்றத்து வெயில் நேராகச் சென்சார் மேல் விழுந்தாலும் தப்பான எண்ணிக்கை வரும், கறுப்புக் காகிதத்தில் சின்னதாக ஒரு மறைப்பு செய்து வைத்துவிடுங்கள். முதல் வாரம் இரண்டே கடிகாரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றதற்கு ஒயர் இழுக்கலாம்.