கோவை லாலி ரோடு, புதுச்சேரி லாலி வீதி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வீடு கோவை லாலி ரோடு சிக்னல் பக்கம். புதுச்சேரி போயிருந்தபோது அங்கே லாலி தொலாந்தால் வீதி என்று நீலப் பலகையில் பார்த்தேன். இரண்டு லாலியும் ஒருவரா?
- ஒரு வாசகர், கோவை

இல்லை சார். உங்கள் ஊர் லாலி, ஆர்தர் லாலி என்ற ஆங்கிலேயர். 1906 முதல் 1911 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்தவர். வேளாண் கல்லூரி கோவையில் காலூன்றியது அவர் காலத்தில்தான். அவருடைய அண்ணன் வென்லாக் பிரபுவும் 1891 முதல் 1896 வரை இதே பதவியில் இருந்தார். ஊட்டியில் வென்லாக் டவுன்ஸ் என்று சொல்கிறோமே, அது அந்த அண்ணன் பெயர். ஆங்கில எழுத்தில் இரண்டு லாலியும் வேறு வேறு. தமிழில் எழுதும்போதுதான் ஒன்றாகிவிடுகின்றன.

புதுச்சேரி லாலி அவருக்கு நூற்றைம்பது வருஷம் மூத்தவர், வேறு நாட்டு வம்சம். அவரைப் பற்றி வந்தவாசியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அதையும் இங்கேயே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வந்தவாசிப் போரில் தோற்ற கவுண்ட் டி லாலி பிரெஞ்சுக்காரர் என்று பாடத்தில் படித்தோம். அவர் அயர்லாந்துக்காரர் என்று இப்போது ஒருவர் சொல்கிறார். எது சரி?
- ஒரு வாசகர், வந்தவாசி

நானும் வந்தவாசியில் பள்ளிக்கூடம் போனவன். எங்கள் வாத்தியார் கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பக்கம் ஆங்கிலேயர், மறுபக்கம் பிரெஞ்சுக்காரர் என்று எழுதுவார். பரீட்சைக்கு அது போதும். ஆனால் லாலியை அந்தப் பக்கத்தில் மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிட முடியாது.

அவர் பிறந்தது 1702-ல், தென்கிழக்கு பிரான்ஸில் உள்ள ரோமான்ஸ் என்ற ஊரில். தாய் பிரெஞ்சுக்காரி. தந்தை ஜெரார்ட் லாலி, மேற்கு அயர்லாந்தின் கால்வே கவுண்டியிலிருந்து (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போல) நாடு விட்டு வந்த சிப்பாய் குடும்பத்துக்காரர். லாலி என்பதே ஓ முல்லாலி என்ற பழைய ஐரிஷ் குலப்பெயரின் தேய்ந்த வடிவம். முன்னால் வரும் 'ஓ' இன்னாரின் வழிவந்தவர் என்று காட்டுவது. ஆங்கிலேயர் ஆட்சி இறுக இறுக, பல குடும்பங்களில் அந்த 'ஓ' உதிர்ந்தது. இந்தக் குடும்பத்தில் 'முல்' என்பதும் சேர்ந்து போனது.

ஓ முல்லாலிகளின் ஆதி நிலம் கால்வேயில் லாக்ரே என்ற ஊரைச் சுற்றிய சமவெளி. ஓ நாக்டன் என்ற இன்னொரு குலத்தோடு அந்தச் சீமையின் தலைமையைப் பங்கிட்டுக்கொண்டு இருந்தார்கள். 1169-ல் நார்மன்கள் அயர்லாந்தில் இறங்கினார்கள். அடுத்த நூற்றாண்டில் டி பர்க் என்ற நார்மன் குடும்பம் கால்வேக்குள் புகுந்து, 1236-ல் லாக்ரேயிலேயே கோட்டை கட்டியது. இருந்தவர்கள் நகர வேண்டியதாயிற்று. முல்லாலிகள் வடக்கே போய் டூவம் என்ற ஊருக்குப் பக்கத்தில், துல்லிநடாலி என்ற கிராமத்தில் குடியேறினார்கள். இந்தக் கிராமத்தின் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே நாலு நூற்றாண்டு வேரோடியிருந்தார்கள். 1689-ல், ஆங்கிலச் சிம்மாசனத்தை இழந்த கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் டப்ளினில் நாடாளுமன்றம் கூட்டியபோது, டூவம் சார்பில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் துல்லிநடாலி ஜேம்ஸ் லாலி. மன்னர் தோற்றார். 1691 அக்டோபரில் லிமெரிக் நகரில் உடன்படிக்கை ஆயிற்று. விருப்பப்பட்ட ஐரிஷ் சிப்பாய்கள் கப்பலேறி பிரான்ஸ் போகலாம் என்று அதில் ஒரு ஷரத்து. ஆயிரக்கணக்கானவர்கள் பெண்டு பிள்ளைகளோடு போனார்கள். அயர்லாந்தில் அவர்களைக் காட்டு வாத்துகள் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். லாலி குடும்பம் போனதும் அந்த அலையில்தான். நிலம் பறிபோனது.

இனிமேல்தான் எனக்கு மனசு கனக்கும் இடம். பிரான்ஸில் அவர்கள் தங்கள் பெயரோடு ஒரு வாலைச் சேர்த்துக்கொண்டார்கள்: லாலி-தொலாந்தால். தொலாந்தால் என்பது வேறொன்றுமில்லை, அந்தத் துல்லிநடாலிதான். பிரெஞ்சு நாக்கில் புரண்டு அப்படி ஆகிவிட்டது. நம்மூரில் பாடகரும் புலவரும் ஊர்ப்பெயரை முன்னால் போட்டுக்கொள்வது போல அவர்கள் பின்னால் போட்டுக்கொண்டார்கள். நம்மவர் திருவிழாவுக்காவது ஊர் திரும்புவார். இவர்களுக்குத் திரும்ப நிலமும் இல்லை, அனுமதியும் இல்லை. புதுச்சேரியில் நாம் ஸ்கூட்டரில் கடந்துபோகும் வீதிப் பலகையில் இருப்பது கால்வேயின் ஒரு சின்ன கிராமம்.

பிரெஞ்சுப் படையில் ஐரிஷ்காரர்களுக்குத் தனி ரெஜிமெண்டுகள் இருந்தன. தாங்கள் ஜேம்ஸ் மன்னரின் படையே என்ற உரிமையில் சிவப்பு நிறக் கோட்டுகளையே கடைசிவரை உடுத்தினார்கள். லாலி சின்ன வயதிலேயே அந்தப் பட்டாளத்தில் சேர்க்கப்பட்டவர். 1744-ல் அவர் பெயரிலேயே ஒரு ரெஜிமெண்ட் அமைந்தது. 1745-ல் ஃபான்டெனாய் போரில் ஆங்கிலேயருக்கு எதிராகப் பெயர் வாங்கினார். அந்த ரெஜிமெண்டோடுதான் 1758 ஏப்ரலில் புதுச்சேரியில் இறங்கினார். ஜூன் 2-ல் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டை அவர் கையில். டிசம்பரில் சென்னை முற்றுகை. 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்து சேரவும் முற்றுகையை விட்டுவிட்டுத் திரும்பினார்.

1760 ஜனவரி 22 வந்தவாசி. எதிரே நின்ற ஆங்கிலத் தளபதி அயர் கூட் பிறந்ததும் அயர்லாந்தில்தான், லிமெரிக் கவுண்டியில்! 1600 வாக்கில் ஆங்கிலப் படையோடு அயர்லாந்துக்கு வந்து நிலம் பிடித்த புராட்டஸ்டன்ட் குடும்பம் அவருடையது. நிலம் இழந்த குடும்பத்துப் பிள்ளையும், நிலம் பெற்ற குடும்பத்துப் பிள்ளையும் நம்மூர் மண்ணில் மோதினார்கள். எங்கள் வாத்தியார் போட்ட நடுக்கோட்டின் இரண்டு பக்கமும் அயர்லாந்து இருந்தது. பள்ளிப் பாடத்தில் இதை ஒரு வரியாவது சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. லாலி கைதியாக இங்கிலாந்து போனார். பிரான்ஸில் தன்மேல் துரோகப் பழி சுமத்துகிறார்கள் என்று தெரிந்ததும், வாக்குறுதி கொடுத்து விடுப்பு வாங்கி, தானாகவே பாரிஸ் போய்ச் சேர்ந்தார். பாஸ்டில் சிறையில் அடைத்தார்கள். 1766 மே 9-ல், பேச முடியாதபடி வாயைக் கட்டி, தலையை வெட்டினார்கள். தோல்விக்கு ஒரு பலியாடு தேவைப்பட்டது, வெளியிலிருந்து வந்த குடும்பத்துக்காரர் கையில் கிடைத்தார் என்றே நான் படிக்கிறேன். மகன் ட்ரோஃபீம், தான் யாருடைய பிள்ளை என்பதையே தந்தை சாகும் தறுவாயில்தான் அறிந்தவர். அவர் வழக்கைக் கையிலெடுத்தார். பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் துணை நின்றார். 1778-ல் தீர்ப்பு ரத்தானது. அந்தச் செய்தி வந்தபோது வால்டேர் மரணப் படுக்கையில் இருந்தார்.

கேள்வி: லாலியைப் பற்றி இரக்கமாகப் பேசுகிறவர்கள் தஞ்சாவூரில் அவர் செய்ததைச் சொல்வதில்லையே?
- ஒரு வாசகர், திருவாரூர்

சொல்லத்தான் வேண்டும். படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல், தஞ்சை மன்னர் பழைய பத்திரப்படி 56 லட்சம் ரூபாய் பாக்கி என்று கிளம்பினார். வழியில் நாகூரைச் சூறையாடினார்கள். கீவளூர்க் கோயிலில் புதையல் தேடித் தோண்டினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. அங்கே சுற்றிக்கொண்டிருந்த பிராமணர்களை உளவாளிகள் என்று பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். 1758 ஆகஸ்டில் வெறுங்கையோடு பின்வாங்கினார். தன் வீட்டார் மதத்துக்காக ஊரை இழந்தவர்கள் என்பது தெரிந்த ஒருவர் இன்னொரு ஊர்க் கோயிலில் அதைச் செய்தார். எந்தக் குடும்பத் துயரமும் இதற்குச் சமாதானம் ஆகாது. பாரிஸில் அவரை விசாரித்தவர்கள் கணக்கில் கீவளூர் பெரிதாக வரவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேள்வி: அயர்லாந்தில் வேலை பார்க்கும் என் மகனின் சக ஊழியர் ஒருவர் பெயர் லாலி. அவர் இந்தத் தளபதியின் வம்சமாக இருக்குமா?
- ஒரு வாசகி, சென்னை-86

அம்மா, ஒரே குலமாக இருக்கலாம். தளபதியின் நேர் வாரிசாக இருக்க வாய்ப்புக் குறைவு. பிரான்ஸ் போனது ஒரு கிளைதான். பெரும்பாலான லாலிகள் குத்தகை விவசாயிகளாக கால்வேயிலும் மேயோவிலும் அங்கேயே இருந்தார்கள். தெற்கே டிப்பரரி பக்கம் போனவர்கள் முல்லாலி என்ற நீளப் பெயரை வைத்துக்கொண்டார்கள். ஃபோர்டு கார் கம்பெனியை 2006 முதல் 2014 வரை நடத்திய ஆலன் முலாலியின் பெயரும் இதன் இன்னொரு எழுத்து வடிவம்தான்.

உங்கள் சென்னைக்கும் ஒரு நூல் இருக்கிறது. தெரசா முலாலி என்ற டப்ளின் பெண்மணி, பாரிஸில் லாலி இறந்த அதே 1766-ல், ஏழைப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். 1794-ல் அதைப் பிரசன்டேஷன் கன்னியரிடம் ஒப்படைத்தார். அந்தச் சபையின் சகோதரிகள் அயர்லாந்திலிருந்து 1842-ல் சென்னைக்கு வந்தார்கள். சர்ச் பார்க் கான்வென்ட் அவர்கள் நடத்துவதுதான்.

அயர்லாந்திலேயே தங்கிய லாலிகள் உலகம் முழுக்கச் சிதறியது 1845-ல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகத் தொடங்கிய பிறகு. 1841-ல் அயர்லாந்தின் மக்கள்தொகை 82 லட்சம் போல. பத்து வருஷத்தில் 65 லட்சமாகிவிட்டது. பத்து லட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள், அதற்கும் மேலானவர்கள் கப்பலேறினார்கள். மேற்குக் கவுண்டிகளுக்குத்தான் அடி அதிகம்.

வேர் தேட விரும்பினால் உங்கள் மகனின் சக ஊழியர் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது கவுண்டியை அல்ல, டவுன்லேண்டை. நம்மூர்க் குக்கிராமம் அளவுக்குச் சின்ன நிலப்பிரிவு அது, அயர்லாந்து முழுக்க 60,000-க்கும் மேல். 1901, 1911 குடிக்கணக்குகள் டப்ளின் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். அதற்கு முந்தைய கணக்குகள் பெரும்பாலும் இல்லை: சிலவற்றை அரசே அழித்தது, மிச்சம் 1922 உள்நாட்டுப் போரில் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்றக் கட்டடத்தோடு எரிந்தது. அந்த இடைவெளியை நிரப்புவது 1847 முதல் 1864 வரை எடுத்த கிரிஃபித் நில மதிப்பீடு. யார் எந்தத் துண்டு நிலத்தைப் பிடித்திருந்தார், யாரிடமிருந்து பிடித்திருந்தார் என்று அதில் வரிவரியாக இருக்கும். அதோடு கத்தோலிக்கத் தேவாலயப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள் தேசிய நூலகத் தளத்தில் கிடைக்கும். பல ஏடுகளை லத்தீனில் எழுதியிருப்பதால் ஜேம்ஸ் என்பவர் அங்கே யாகோபுஸ் ஆகியிருப்பார், அதைக் கண்டு மலைக்க வேண்டாம். லாலி, முல்லாலி இரண்டு பெயரிலும் தேடச் சொல்லுங்கள். அவருடைய தாத்தா பிறந்த டவுன்லேண்ட் டூவம் பக்கம் என்று வந்தால் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள் அம்மா, அடுத்து எந்தப் பங்கின் ஏட்டைப் புரட்ட வேண்டும் என்று சொல்கிறேன்.