நைலான் நரம்பால் புல் வெட்டும் இயந்திரம்: எதைப் பார்த்து வாங்குவது?

நீண்ட குழாயின் நுனியில் வேகமாகச் சுழலும் நைலான் நரம்பால் புல்லை அறுக்கும் இயந்திரம் இது. இரும்புத் தகட்டால் புதர் வெட்டும் பிரஷ் கட்டர்களிலும் அந்தத் தகட்டைக் கழற்றிவிட்டு இந்த நரம்புத் தலையைப் பொருத்திக்கொள்ளலாம். தொய்ந்து கிடக்கும் நரம்பு எப்படி அறுக்கிறது? கல் கட்டிய கயிற்றைச் சுழற்றினால் அது கம்பி போல விறைத்து நிற்குமல்லவா, அதே வெளிநோக்கிய இழுப்புதான் இங்கும். வேகம் குறைந்தால் நரம்பு புல்லை அறுக்காது. புல்தான் தலையில் சுற்றிக்கொள்ளும்.

கொல்லை அருகம்புல்லுக்கு மின்சாரத்தில் ஓடுவதே போதும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் வாய்க்கால் கரையில் இடுப்பளவு வளரும் கோரைக்குப் பெட்ரோல் இயந்திரம் வேண்டும். எண்ணெயைப் பெட்ரோலில் கலந்து ஊற்ற வேண்டிய டூ ஸ்ட்ரோக்கைவிட, தனியே எண்ணெய் ஊற்றும் ஃபோர் ஸ்ட்ரோக்கையே நான் பரிந்துரைப்பேன். கலவையில் எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் தேய்ந்துவிடும், கூலியாள் கை மாறும்போது அது எளிதில் நேரும். எதை வாங்கினாலும், கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ அதன் கார்புரேட்டரும் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) நரம்புத் தலையும் தனியாகக் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். கோடையில் சும்மா கிடக்கும் மாதங்களில் டேங்கில் பெட்ரோலை விட்டுவைத்தால் அது பிசினாகிக் கார்புரேட்டரை அடைக்கும். இயந்திரம் கெட்டுவிட்டதென்று பலர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். காய்ந்து முறியும் நரம்பை ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டால் மீண்டும் வளையும்.

நரம்பு தடித்தால் நன்றாக வெட்டும் என்பது தவறு. சிறிய எஞ்சினில் தடித்த நரம்பு வேகத்தைக் குறைத்து வெட்டுவதையே கெடுக்கும்.