சிக்னல் ஒன்றுதானே என்று இருந்துவிடலாமா?

பிலிப்பைன்ஸ் புயல், வெள்ளம் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மகள் மணிலாவில் மருத்துவம் படிக்கிறாள். புயல் என்று செய்தியில் பார்த்துப் பதறி அழைத்தால், “இங்கே சிக்னல் 1தான்மா, பயப்படாதே” என்கிறாள். சிக்னல் 1 என்றால் பயமில்லையா?

பதில்: அந்த எண் காற்றுக்கு மட்டுமே. மழை எவ்வளவு கொட்டும், ஆறு எவ்வளவு ஏறும், கடல் ஊருக்குள் வருமா என்று அது சொல்லாது. நம் துறைமுகங்களில் ஏற்றும் புயல் கூண்டு கப்பல்காரர்களுக்கானது. பிலிப்பைன்ஸ் வானிலைத் துறையான பகாசா அறிவிக்கும் சிக்னல், நிலத்தில் இருப்பவர்களுக்காக ஊர்வாரியாக வருவது. மொத்தம் ஐந்து படிகள். காற்று மணிக்கு 39 முதல் 61 கி.மீ. வரை எதிர்பார்க்கப்பட்டால் 1. 88 வரை 2. 117 வரை 3. 184 வரை 4. 185ஐத் தொட்டால் 5.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று, முன்னறிவிப்பு நேரம். சிக்னல் 1 முதன்முதலாக வரும்போது அந்தக் காற்று வந்து சேர 36 மணி நேரம் வரை இருக்கலாம். சிக்னல் 2க்கு 24 மணி, 3க்கு 18, 4க்கும் 5க்கும் 12. அதனால்தான் சிக்னல் போட்ட அன்று இலைகூட அசையாது. “சும்மா போட்டிருக்கிறார்கள்” என்று சிலர் கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். புயல் நெருங்க நெருங்க அதே ஊருக்கு எண் ஏறிக்கொண்டே போகும். அறிவிப்பு காலை, மாலை 5 மணிக்கும் 11 மணிக்கும் வரும். கரையை நெருங்கினால் இடையில் 2 மணிக்கும் 8 மணிக்கும் சேர்த்து வரும். காலையில் பார்த்த எண்ணை நம்பி இரவு தூங்கக் கூடாது.

2009 செப்டம்பர் 26ஐ மணிலாக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். ஒண்டோய் என்ற அந்தப் புயல் காற்றில் சாதாரணம். மணிலாவுக்குச் சிக்னல் 1தான். 24 மணி நேரத்தில் 455 மி.மீ. கொட்டியது. நகர் வழியே ஓடும் மரிகினா ஆறு 21 மீட்டரைத் தாண்டிக் கூரைமேல் ஆட்களை ஏற்றியது.

எனவே உங்கள் மகள் சிக்னலோடு மழை எச்சரிக்கையின் நிறத்தையும் பார்க்கட்டும். மணிக்கு 7.5 முதல் 15 மி.மீ. வரை மஞ்சள், 30 வரை ஆரஞ்சு, அதற்கு மேல் சிவப்பு. சிவப்பு வந்துவிட்டால் சிக்னல் எத்தனை என்று கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை.

கேள்வி: உலகமே ஹையான் என்ற புயலைப் பிலிப்பைன்ஸில் யோலாண்டா என்கிறார்களே, ஏன்? காற்றின் வேகத்தையும் ஒருவர் 230 என்கிறார், இன்னொருவர் 315 என்கிறார். எது சரி?

பதில்: இரண்டும் சரி. டோக்கியோவில் உள்ள ஜப்பான் வானிலைத் துறையின் புயல் மையம் பத்து நிமிடச் சராசரியைச் சொல்கிறது. அமெரிக்கக் கூட்டுப் புயல் எச்சரிக்கை மையம் ஒரு நிமிடச் சராசரியைச் சொல்கிறது. குறுகிய நேரத்தில் எடுத்த சராசரி எப்போதும் கூடத்தான் காட்டும். ஹையானுக்கு டோக்கியோ சொன்னது 230, அமெரிக்கர் சொன்னது 315. பகாசாவும் பத்து நிமிடக் கணக்குதான். ஒப்பிடுவதென்றால் ஒரே மையத்தின் எண்களை ஒப்பிடுங்கள்.

பெயர் விஷயம்: இந்த வட்டாரப் புயல் குழுவின் 14 உறுப்பினர்கள் ஆளுக்குப் பத்தாகத் தந்த 140 பெயர்களிலிருந்து டோக்கியோ பெயர் வைக்கிறது. பிலிப்பைன்ஸ் தன் எல்லைக்குள் வருவதற்குத் தன் மக்கள் வாயில் எளிதாக வரும் பெயரைத் தனியாக வைத்துக்கொள்கிறது. ஒவ்வொன்றிலும் 25 பெயர் கொண்ட நான்கு பட்டியல்கள் சுழற்சியில் வரும். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்ற நிலையிலேயே பெயர் விழுந்துவிடும் என்பதால், சில சிறியவற்றுக்கு உள்ளூர்ப் பெயர் மட்டுமே இருக்கும். பெயர்கள் ‘எக்ஸ்’ எழுத்தை மட்டும் விட்டு ஆங்கில அகரவரிசையில் போகின்றன. ஆகவே ‘ஒய்’ எழுத்தில் தொடங்கிய யோலாண்டா, 2013இல் அந்த எல்லைக்குள் பெயர் பெற்ற 24ஆவது. 300 உயிர்களோ 100 கோடி பெசோவோ கொண்டுபோன புயலின் பெயரைத் திரும்ப வைப்பதில்லை.

கேள்வி: புயல் தைவான் பக்கம் போய்விட்டது என்கிறார்கள். ஆனாலும் மணிலா மூழ்குகிறது. எப்படி?

பதில்: ஜூன் முதல் செப்டம்பர், அக்டோபர் வரை அங்கே வீசும் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு ஹபாகத் என்று பெயர். வடக்கே லூசோன் தீவைத் தாண்டி நிற்கும் புயல், தென்சீனக் கடலின் ஈரக்காற்றை உறிஞ்சி இழுக்கும்போது, அந்தக் காற்று மேற்கு லூசோன் மேல் நாள்கணக்கில் கொட்டிவிட்டுப் போகும். 2024 ஜூலையில் கரினா புயல் பிலிப்பைன்ஸில் கரையைத் தொடவே இல்லை. தைவானுக்குத்தான் போனது. ஆனால் மரிகினா ஆறு 20 மீட்டரைத் தாண்டியது. 2012 ஆகஸ்டிலும் இதே கதை. புயலின் பாதைப் படத்தில் மணிலா இல்லை என்று நிம்மதி அடைந்தவர்கள்தான் இரண்டு முறையும் மாட்டினார்கள்.

மரிகினா ஆற்று மட்டத்துக்கு மூன்று அலாரங்கள் உண்டு. 15 மீட்டரில் முதலாவது: மூட்டை கட்டு. 16இல் இரண்டாவது: வெளியேறு. 18இல் மூன்றாவது: கட்டாய வெளியேற்றம். மேலே சியர்ரா மாத்ரே மலையில் பெய்தது கீழே வந்து சேர நேரம் பிடிக்கும். அதனால் ஊரில் மழை விட்ட பிறகும் ஆறு ஏறும்.

மிச்ச வெள்ளத்தை மங்ககான் கால்வாய் வழியாக லகுனா ஏரிக்குத் திருப்பிவிடுகிறார்கள். நகரம் தப்பிக்கும், ஏரிக்கரை ஊர்கள் அனுபவிக்கும். அந்த ஏரியின் தண்ணீர் கடலுக்குப் போக பாசிக் ஆறு ஒன்றுதான் வழி. ஒண்டோய்க்குப் பிறகு கரையோரத் தெருக்களில் வாரக்கணக்கில் படகு ஓடியது. வடக்கே மலபோன், நவோதாஸ் பகுதிகளில் நிலத்தடி நீரை இறைத்து இறைத்துத் தரையே தாழ்ந்துவிட்டது. அங்கே மழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் வடிகால் பின்னோக்கித்தான் ஓடும். அந்தப் பக்கம் வீடு பார்ப்பவர்கள் வாடகையைக் கேட்பதற்கு முன் சுவரில் தண்ணீர்க் கோடு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: யோலாண்டா புயலில் டக்லோபன் நகரில் அத்தனை பேர் இறந்தது ஏன்? முன்கூட்டியே எச்சரிக்கவில்லையா?

பதில்: எச்சரித்தார்கள். ‘ஸ்டார்ம் சர்ஜ்’ என்ற சொல்லும் அறிவிப்பில் இருந்தது. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்றார்கள் பிழைத்தவர்கள். பெரிய அலை என்று நினைத்தது, கடல் மட்டமே உயர்ந்து ஊருக்குள் வந்து நிற்பதாக இருந்தது. 2013 நவம்பர் 8 விடியற்காலை யோலாண்டா முதலில் குயுவான் அருகே கரையேறியது. சில மணி நேரத்தில் டக்லோபனுக்குள் 5 மீட்டருக்கும் மேல் தண்ணீர். நாடு முழுவதும் 6,300 பேருக்கு மேல் மாண்டார்கள்.

கணக்கு இப்படி: காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் சுமார் 1 செ.மீ. எழும். யோலாண்டாவின் மைய அழுத்தம் 895. வழக்கமான 1013இலிருந்து கழித்தால் ஒரு மீட்டர் சொச்சம்தான். மீதி முழுவதும் காற்று தள்ளிக்கொண்டு வந்தது. ஆழமில்லாத, உள்ளே போகப் போக ஒடுங்கும் விரிகுடாவுக்குள் தள்ளினால் தண்ணீருக்கு மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. டக்லோபன் அப்படிப்பட்ட விரிகுடாவின் மூலையில் இருக்கிறது. காற்றுக்குத் தாங்கும் என்று தேர்ந்தெடுத்த தஞ்சக் கட்டடங்களில் சில கடலோரம் இருந்ததால் அவையே மூழ்கின.

கரையோர ஊரில் இருப்பவர்கள் தங்கள் பரங்கை அலுவலகத்தில் (நம் வார்டு போன்ற கடைசி நிர்வாகப் பிரிவு) கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “இந்தத் தஞ்சக் கூடம் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம்?” இன்னொன்று: காற்று திடீரென்று நின்று வானம் வெளுத்தால் புயலின் கண் தலைக்கு மேல் இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். தகரத்தைச் சரிசெய்யக் கூரையேறுவது அப்போதுதான் உயிரை வாங்கும்.

கேள்வி: மணிலா சாலையில் தண்ணீர் நின்றால் வண்டியில் போகலாமா?

பதில்: போக்குவரத்து நிர்வாகம் அங்குலக் கணக்கிலேயே அறிவிக்கும். 8 அங்குலம் நடைபாதை ஓர மட்டம், எல்லா வண்டியும் போகும். 13 அங்குலம், அதாவது பாதி டயர் மூழ்கினால் கார் போகக் கூடாது. 26 அங்குலத்தில் எந்த வண்டியும் கூடாது. இது நிற்கும் தண்ணீருக்கு. ஓடும் தண்ணீரில் ஒரு அடி ஆழமே சிறிய காரைத் தூக்கிவிடும். இன்ஜின் நின்றால் திரும்பத் திரும்பச் சாவி போடாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அழுந்தாது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

கேள்வி: மாடி அறையில் தங்கும் மாணவர்கள் என்ன தயாராக வைக்க வேண்டும்? வெள்ளம் வடிந்த பிறகு?

பதில்: ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம் மூன்று நாள் தண்ணீர். மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது, மாடிக்குத் தண்ணீர் ஏறாது. ஆகவே சிக்னல் வந்ததுமே வாளி, குடம் எல்லாவற்றையும் நிரப்புங்கள். சமைக்காமல் சாப்பிடும் உணவு, டார்ச், பவர்பேங்க், பாஸ்போர்ட்டும் குடியேற்ற அட்டையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில். தண்ணீர் படியேறும் முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஈரத்தில் நின்றுகொண்டு தொடாதீர்கள். அவசர எண் 911.

குடிநீரில் சந்தேகம் இருந்தால் ஒரு நிமிடம் தளதளவெனக் கொதிக்க விடுங்கள். அடுப்பு இல்லையென்றால் வாசனையில்லாத, 5 முதல் 9 சதவீத பிளீச் லிட்டருக்கு 2 சொட்டு விட்டு 30 நிமிடம் வையுங்கள். கலங்கலாக இருந்தால் துணியில் வடிகட்டி, 4 சொட்டு. வெகுநாள் திறந்து கிடந்த பிளீச்சில் வீரியம் இருக்காது.

வெள்ளத்துக்குப் பிறகு அங்கே மருத்துவமனைகளை நிரப்புவது எலிக்காய்ச்சல். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் காலில் சிறு கீறலோடு நடந்தால் போதும். பெரும்பாலும் 5 முதல் 14 நாள், சிலருக்கு ஒரு மாதம் கழித்தும் வரும். அதற்குள் வெள்ளத்தில் நடந்ததே மறந்திருக்கும். காய்ச்சலோடு கெண்டைக்காலில் கடும் வலி, பீளையில்லாமல் சிவந்த கண், சிறுநீர் குறைவு இருந்தால் அன்றே மருத்துவரிடம் போய், “வெள்ளத்தில் நடந்தேன்” என்பதை முதலில் சொல்ல வேண்டும். தடுப்பு மாத்திரையாக டாக்சிசைக்ளின் தருவார்கள். அது கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஆகாது, ஆகவே தானாக வாங்கி விழுங்கக் கூடாது. ரப்பர் பூட்ஸ் உயரத்தைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்விட்டால் அதைப் போட்டுக்கொண்டு நடப்பதில் பயனில்லை. கழற்றி, காலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.