கல் கொஞ்சம் பொறுக்கும், பையனின் வலி பொறுக்காது

கேள்வி: பாம்பனில் இருக்கிறோம். என் கணவருக்கு வயது 41. விசைப்படகில் போகிறார், காலையில் போனால் மறுநாள் காலையில்தான் கரை. போன மாதம் இடது விலாவில் தொடங்கி அடிவயிறு வரை வலி இறங்கி, கடலிலேயே துடித்துப்போனார். ஸ்கேனில் சிறுநீர்க்குழாயின் கீழ்ப்பகுதியில் 7 மில்லிமீட்டர் கல் இருப்பதாகச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். இப்போது வலி இல்லை. தடைக்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார், அதற்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. வாழைத்தண்டுச் சாறு கல்லைக் கரைக்குமா? கருவாட்டை நிறுத்த வேண்டுமா? அப்புறம், என் மகனுக்கு 13 வயது. இரண்டு வாரத்துக்கு முன் நடுராத்திரியில் விதைப்பையில் திடீரென்று வலி, ஒருமுறை வாந்தியும் எடுத்தான். சூட்டு வலி என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தேன். விடிவதற்குள் சரியாகிவிட்டது. இவனுக்கும் கல் இருக்குமோ?

பதில்: சகோதரி, நீங்கள் கடைசியாகக் கேட்டதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கணவரின் கல்லைவிட எனக்குக் கவலை தருவது மகனின் அந்த ஒரு ராத்திரி வலிதான்.

விதைப்பைக்குள் இருக்கும் விரைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் ஒரு தண்டாக மேலிருந்து இறங்குகின்றன. சில பையன்களுக்கு விரை பைக்குள் சரியாக ஒட்டிப் பிடிக்காமல் தொங்கும். அப்போது அது சுழன்றால், நங்கூரக் கயிறு முறுக்கிக்கொள்வது போல அந்தத் தண்டு முறுக்கி, ரத்த ஓட்டம் நின்றுபோகும். இது 12 முதல் 18 வயதுக்குள் அதிகம். தூக்கத்தில் வரும். வாந்தியும் சேர்ந்து வரும். சில நேரம் முறுக்கு தானாகவே அவிழ்ந்துவிடும், வலியும் போய்விடும். உங்கள் மகனுக்கு அப்படி நடந்திருக்க வாய்ப்பு நிறையவே உண்டு. ஒருமுறை அவிழ்ந்தது அடுத்த முறையும் அவிழும் என்று நம்பி இருக்க முடியாது.

முறுக்கு விழுந்து ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்து அவிழ்த்தால் விரையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஒரு நாள் கடந்துவிட்டால் அநேகமாக அதை எடுக்கத்தான் வேண்டியிருக்கும். ஒரே விரை இருந்தாலும் ஆண்மைக்கும் குழந்தைப் பேற்றுக்கும் பொதுவாகக் குறை வராது. ஆனாலும் இழக்காமல் தடுக்கக்கூடியதை ஏன் இழக்க வேண்டும்?

இப்போது வலி இல்லாவிட்டாலும் இந்த வாரமே அவனைச் சிறுநீரக அறுவை மருத்துவரிடமோ பொது அறுவை மருத்துவரிடமோ காட்டுங்கள். வலி வந்த நேரம், எவ்வளவு நேரம் இருந்தது, வாந்தி, இதற்கு முன்னும் வந்திருக்கிறதா என்பதையெல்லாம் அவன் வாயாலேயே சொல்லவிடுங்கள். கூச்சத்தில் அம்மாவிடம் சொல்லாததை அப்பாவிடமோ மாமாவிடமோ சொல்லக்கூடும். முறுக்குதான் என்று மருத்துவருக்குத் தோன்றினால், இரண்டு விரைகளையும் பைக்குள் தைத்து நிறுத்திவிடுவார்கள். பெரிய அறுவை இல்லை.

அதற்குள் வலி மறுபடி வந்தால் எண்ணெய், ஒத்தடம் எதுவும் வேண்டாம். விடியட்டும் என்றும் இருக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும், அதனால் சாப்பிடவும் குடிக்கவும் எதுவும் தராதீர்கள். 108-ஐ அழையுங்கள், அறுவை வசதி உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும் என்று சொல்லுங்கள். ஸ்கேன் சென்டரைத் தேடி அலைய வேண்டாம், அறிகுறி தெளிவாக இருந்தால் ஸ்கேனுக்குக் காத்திராமலே அறுவை செய்வதுண்டு. பாம்பனிலிருந்து பாலம் தாண்டி ராமநாதபுரம் போகும் நேரமும் அந்த ஆறு மணி நேரத்துக்குள்தான் அடக்கம். கிருமித் தொற்றிலும், பொன்னுக்கு வீங்கி வந்த பிறகும்கூட விரை வலிக்கலாம். ஆனால் அது எது என்று பிரித்துப் பார்க்கிற வேலையை வீட்டில் செய்யக் கூடாது.

சரி, உங்கள் கணவருக்கு வருவோம். 5 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள கல் பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். 7 என்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. குழாயைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை அந்த வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும். அவருக்குக் கொடுத்தது அதுவா என்று சீட்டைப் பாருங்கள். அதுவாக இருந்தால், எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். ஆடுகிற படகில் வலை இழுப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. ராத்திரி படுக்கும் முன் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், தொடங்கிய முதல் சில நாள் கடலுக்குப் போகாமல் இருப்பது நல்லது.

வலி நின்றதை வைத்துக் கல் போய்விட்டது என்று முடிவுகட்ட முடியாது. கல் அங்கேயே அடைத்துக்கொண்டு, வலியே இல்லாமல் சிறுநீரகத்தை வீங்கவைத்துக் கெடுப்பதும் உண்டு. நான்கு முதல் ஆறு வாரம் வரை காத்திருக்கலாம். தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15 வரை என்பது அதிகம். உடனே மறு ஸ்கேன் எடுங்கள். கல் இன்னும் இருந்தால், சிறுநீர்ப் பாதை வழியாகவே மெல்லிய குழாயை விட்டு லேசரால் உடைத்து எடுத்துவிடலாம், வயிற்றில் கத்தி படாது. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். கல்லோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ அன்றைக்கே மருத்துவமனை. படகு, பாடு என்ற பேச்சே கிடையாது.

வாழைத்தண்டைப் பொரியலாகவோ சாறாகவோ தாராளமாகச் சாப்பிடட்டும். 7 மில்லிமீட்டர் கல்லை அது கரைக்காது. பெரும்பாலான கற்கள் சுண்ணாம்புச் சத்தால் ஆனவை, அவை எதிலும் கரைவதில்லை. யூரிக் அமிலக் கல்லை மட்டும் மருந்தால் கரைக்க முடியும். பால், தயிரை நிறுத்த வேண்டாம், நிறுத்தினால் கல் கூடவே செய்யும். கருவாட்டில் பிரச்சினை உப்புதான். தினமும் வேண்டாம், எப்போதாவது என்றால் நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். யூரிக் அமிலம் கூடுதலாக இருந்தால் சாளை, நெத்திலியையும் குறைக்க வேண்டிவரும்.

எல்லாவற்றையும்விடத் தண்ணீர்தான் முக்கியம். ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குக் குடிக்க வேண்டும். வெயிலில் வியர்த்துக் கொட்டும் படகில் அதற்கு மூன்றரை, நான்கு லிட்டர்கூடத் தேவைப்படும். பல படகுகளில் டீதான் அதிகம் ஓடுகிறது. அவருக்கென்று தனியாக ஒரு கேன் கொடுத்தனுப்புங்கள், எலுமிச்சை பிழிந்தும் குடிக்கலாம். வீட்டில் இருக்கும்போது சிறுநீரை ஒரு மெல்லிய துணியில் வடிகட்டட்டும். கல் கிடைத்தால் தீப்பெட்டியிலாவது போட்டு வைத்து, பரிசோதனைக்குக் கொடுங்கள்.