உலகம் சுற்றலாம், முதலில் பாதத்தைக் காட்டுங்கள்

கேள்வி: எனக்கு 61 வயது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, ஊர் தஞ்சாவூர். நானும் என் கணவரும் பிறந்ததிலிருந்து சைவம். முட்டையும் கிடையாது, வெங்காயம், பூண்டு சேர்த்துக்கொள்வோம். மார்ச் கடைசியில் கிளம்பி தாய்லாந்து, ஜப்பான் பார்த்துவிட்டு மிலானில் இருக்கும் மகள் வீட்டில் ஒன்றரை மாதம் தங்கப்போகிறோம். எனக்கு 11 வருடமாகச் சர்க்கரை. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை காலையும் இரவும், காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை. கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 7.6. முன்பு ஒரு ஐரோப்பா டூர் போனபோது பத்து நாளும் பிரெட்டும் உருளைக்கிழங்கு வறுவலும்தான் கிடைத்தது. திரும்பி வந்தபோது சர்க்கரை ஏறியிருந்தது. இந்த முறை சத்துக் குறையாமல் எப்படிச் சமாளிப்பது? தெரியாமல் மீன் கலந்தது வயிற்றுக்குள் போய்விட்டால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா? கணவருக்கு 66 வயது, பி.பி. மட்டும். சில மாதங்களாக இரவில் எனக்கு உள்ளங்கால் மதமதவென்று இருக்கிறது. சர்க்கரைதானே என்று விட்டுவிட்டேன்.

பதில்: கடைசி வரியை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும், அம்மா. சாப்பாட்டு விஷயத்துக்கு அப்புறம் வருவோம், முதலில் பாதத்தைப் பார்ப்போம்.

பதினொரு வருடச் சர்க்கரையில் பாதம் மதமதப்பது சகஜம், நரம்பு பாதிக்கப்படும். ஆனால் அதே மதமதப்பை வைட்டமின் பி12 குறைவும் கொடுக்கும். உங்களுக்கு அது குறைய மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. பி12 இயற்கையாகக் கிடைப்பது மீன், இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றில்தான். உங்களுக்குப் பாலும் தயிரும் மட்டும். மெட்ஃபார்மின், நாள்பட நாள்பட, குடல் பி12-ஐ உறிஞ்சுவதைக் குறைக்கும். கேஸ் மாத்திரை என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் பான்டபிரசோல் வகையாக இருக்கும். உணவிலிருந்து பி12-ஐப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும், அந்த அமிலத்தைத்தான் இந்த மாத்திரை அடக்குகிறது. அதை எதற்காக ஆரம்பித்தார்கள், இன்னும் தேவையா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். யாரோ எப்போதோ ஒரு வாரத்துக்கு எழுதிக்கொடுத்ததைப் பத்து வருடம் விழுங்கிக்கொண்டிருப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

இந்த வாரமே ரத்தத்தில் பி12, ஹீமோகுளோபின், கிரியாட்டினின், தைராய்டு நான்கையும் பாருங்கள். பாதத்தில் தொடு உணர்வு எவ்வளவு இருக்கிறது என்று நைலான் இழையால் குத்திப் பார்க்கும் சோதனையும் செய்துகொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலை. பி12 பொதுவாக ஒரு மில்லிக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு என்போம். நரம்பில் அறிகுறி இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஊசியில்தான் ஆரம்பிப்போம். நரம்பு தேற மாதக்கணக்கில் ஆகும், அதனால் மார்ச் வரை காத்திருக்க வேண்டாம். சத்து மாத்திரை என்று ஃபோலிக் அமிலத்தை மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். இட்லி மாவு புளிப்பதில் பி12 வந்துவிடும், ஸ்பைருலினாவில் இருக்கிறது என்று வாட்ஸ்ஆப்பில் வருவதையும் நம்ப வேண்டாம்.

பயணத்தால் மட்டும் பி12 தீர்ந்துவிடாது. கல்லீரலில் வருடக்கணக்குக்குக் கையிருப்பு வைத்துக்கொள்ளும் உடம்பு இது. உங்கள் கையிருப்பு ஏற்கெனவே காலியா என்பதுதான் கேள்வி. ஒரு நாளைக்குத் தேவை 2 முதல் 2.5 மைக்ரோகிராம், அரை லிட்டர் பாலில் ஏறக்குறைய 2 கிடைக்கும். ஆனால் ஊரை விட்டுக் கிளம்பியதும் முதலில் நின்றுபோவது பாலும் தயிரும்தான்.

அடுத்தது மாத்திரை. கிளிமிபிரைடு உணவை எதிர்பார்த்து வேலை செய்யும் மருந்து. போட்டுவிட்டு, ‘இங்கே சைவம் இல்லை, அடுத்த கடை பார்ப்போம்’ என்று இரண்டு மணி நேரம் நடந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். மெட்ஃபார்மின் தனியாக அப்படிச் செய்வது அரிது. உங்களுடையது இரண்டும் ஒட்டிய மாத்திரை என்பதால் ஒன்றை மட்டும் நிறுத்த முடியாது. பயணத்துக்கு இரண்டையும் தனித்தனியாக எழுதித் தரும்படி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்; சாப்பாடு எதிரே வந்த பிறகே கிளிமிபிரைடு, சாப்பாடு இல்லையென்றால் அதுவும் இல்லை என்ற ஏற்பாட்டை அவரிடமே பேசி முடிவு செய்யுங்கள். கை நடுங்கி வியர்த்தால் மூன்று சிறிய ஸ்பூன் சர்க்கரை, அல்லது 150 மில்லி பழச்சாறு. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். குளுக்கோஸ் பாக்கெட் உங்கள் கைப்பையிலும் இருக்கட்டும், கணவர் பாக்கெட்டிலும் இருக்கட்டும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. ஜப்பானுக்குள் டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை ஒரு மாதத்துக்கு மேற்பட்ட அளவில் கொண்டுபோனால் முன்கூட்டியே விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும். நீங்கள் மிலானுக்கும் சேர்த்து இரண்டு, மூன்று மாத மாத்திரை வைத்திருப்பீர்கள். டிக்கெட் போட்ட கையோடு இதையும் முடியுங்கள். சூடோஎஃபெட்ரின் அதிகமுள்ள சளி மாத்திரைகளுக்கு அங்கே தடையே இருக்கிறது. அவற்றை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

விமானத்தில் ‘இந்து மீல்’ என்று டிக் செய்துவிடாதீர்கள். எச்.என்.எம்.எல் என்ற குறியீட்டில் வரும் அந்தச் சாப்பாட்டில் மாட்டிறைச்சி இருக்காது, கோழியோ ஆடோ மீனோ பெரும்பாலும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது ஏ.வி.எம்.எல் என்ற ஆசிய சைவச் சாப்பாடு. சர்க்கரை நோயாளிக்கான சாப்பாடு என்று தனியாக ஒன்று உண்டு, அதிலும் அசைவம் வரலாம். எதுவானாலும் ஒரு நாளுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

தாய்லாந்து சுலபம். மஞ்சள் பின்னணியில் சிவப்பாக ஒரு எழுத்து எழுதிய பலகையோ கொடியோ தொங்கும் கடைகளைத் தேடுங்கள், ‘ஜே’ என்பார்கள். பௌத்த, தாவோ மரபில் வந்த விரத உணவு அது. இறைச்சி, மீன், முட்டை, பால் கிடையாது. பூண்டு, வெங்காயம்கூடக் கிடையாது. மற்ற கடைகளில் வெறும் காய்கறி வதக்கலிலும் மீன் சாறு விழுந்திருக்கும். ‘மை சாய் நாம் ப்லா’ என்றால் மீன் சாறு சேர்க்க வேண்டாம் என்று பொருள். சோம் தம் எனும் பப்பாளிக்காய் சாலட்டில் காய்ந்த இறாலும் இருக்கும், தனியாகச் சொல்ல வேண்டும். ஜே கடைகளில் கோழி, வாத்து மாதிரியே செய்து வைத்திருப்பார்கள். சோயாவும் கோதுமைப் புரதமும்தான், தாராளமாகச் சாப்பிடலாம். உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்.

ஜப்பானில்தான் ஏமாறுவோம். நான் அசைவம் சாப்பிடுபவன், என் மனைவி உங்களைப் போல. ஒரு மாநாட்டுக்காக டோக்கியோ போயிருந்தபோது மூன்று நாள் அவருக்கு உடோன் நூடுல்ஸும் மிசோ சூப்பும் வாங்கிக் கொடுத்து, நல்ல சைவம் கண்டுபிடித்துவிட்டேன் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள்தான் தாஷி பற்றித் தெரிந்தது. அந்த ஊர்ச் சமையலுக்கு அடித்தளமான சாறு அது. பெரும்பாலும் கட்சுவோபுஷி என்ற புகையூட்டிக் காயவைத்த சூரை மீன் சீவலில் எடுப்பது. ராமநாதபுரத்திலும் இலங்கையிலும் மாசிக் கருவாடு என்பார்களே, கிட்டத்தட்ட அதே சரக்கு. மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில். தலைமுறை தலைமுறையாகச் சைவமாக இருந்தாலும் மீன் புரதத்தைச் செரிக்கும் நொதிகள் எல்லோர் வயிற்றிலும் இருக்கின்றன; பருப்பைச் செரிப்பதும் அவைதான். தெரிந்தபின் குமட்டும், வாந்திகூட வரலாம், அது மனசின் வேலை. விரலை விட்டு வாந்தி எடுக்க வேண்டாம், பேதி மருந்தும் வேண்டாம். அரிதாக மீனோ இறாலோ ஒவ்வாமை இருப்பவர்கள் உண்டு. வாழ்நாளில் சாப்பிடாதவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உதடு வீங்கி, மூச்சு இழுத்தால் உடனே ஆஸ்பத்திரி.

ஜப்பானில் நிம்மதியாகச் சாப்பிட ஒரு வழி, புத்த மடங்களின் சைவச் சமையலான சோஜின் உணவு. ஒசாகாவிலிருந்து ரயிலில் போகக்கூடிய கோயாசான் மலையில் மடங்களிலேயே தங்கலாம்; 816-இல் கூக்காய் என்ற துறவிக்குக் கிடைத்த இடம். தாஷிகூடக் கடற்பாசியிலும் காளானிலும்தான் எடுப்பார்கள். அந்த மலையின் பெயரிலேயே கோயா டோஃபு என்று ஒன்று உண்டு. உறையவைத்து உலர்த்திய டோஃபு (சோயா பாலில் செய்யும் பன்னீர் போன்றது), புரதம் நிறைந்தது. எள் டோஃபு என்று தருவது பெயரில்தான் டோஃபு, எள்ளும் கிழங்கு மாவும் சேர்ந்த களி. ஒரு டாக்டராக எனக்கு அங்கே ஒரு கவலை உண்டு: மாலை ஐந்தரை, ஆறுக்கே இரவுச் சாப்பாடு, அடுத்தது காலைப் பூஜைக்குப் பிறகுதான். பதின்மூன்று மணி நேர இடைவெளி. இரவு கிளிமிபிரைடு போடுபவர் தலைமாட்டில் வேர்க்கடலையும் பிஸ்கட்டும் இல்லாமல் படுக்கக் கூடாது.

மடத்துக் குளியலறையிலும் வெந்நீர் ஊற்றுகளிலும் தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் இருக்கும். மதமதக்கும் பாதத்துக்குச் சூடு தெரியாது, கொப்புளம் கண்ட பிறகுதான் தெரியும். முழங்கையை விட்டுப் பார்த்த பிறகே காலை வையுங்கள். புது ஷூவை இப்போதே வாங்கி வீட்டிலேயே போட்டுப் பழகுங்கள். தினமும் படுக்கும் முன் கணவர் உங்கள் உள்ளங்காலைப் பார்க்கட்டும்.

மற்ற ஊர்களில் புளிப்பு உமெபோஷி ஊறுகாய் வைத்த ஒனிகிரி சோற்று உருண்டை, அவித்த எடமாமே எனும் பச்சை சோயா, கடை டோஃபு இவற்றைத் தேடுங்கள். எடமாமே நூறு கிராமில் 11 கிராம் புரதம். உங்களுக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 கிராம் புரதம் வேண்டும். வெளிநாட்டில் சைவர்கள் பட்டினி கிடப்பதில்லை. பிரெட், உருளை, வெள்ளைச் சோறு என்று மாவிலேயே வயிற்றை நிரப்புகிறார்கள். உங்கள் ஐரோப்பா டூரில் சர்க்கரை ஏறியதும் அதனால்தான். எந்த ஊரானாலும் தட்டைப் பார்த்ததும் ‘இதில் பருப்பு எங்கே?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். உங்கள் பட்டியலில் எத்தியோப்பியா இல்லாதது ஒரு குறைதான்: அங்கே புதன், வெள்ளி விரத நாளில் ஹோட்டலுக்குப் போனால் தோசை போன்ற இஞ்செரா மேல் நான்கைந்து பருப்பு, காய் வகைகளைப் பரப்பி வைத்துத் தருவார்கள்.

மிலானில் மகள் சமையலறை இருக்கிறது, பயமில்லை. வெளியே ரிசோட்டோ கேட்டால் எச்சரிக்கை: சோறு வேகும் சாறு பெரும்பாலும் இறைச்சிச் சாறு, அந்த ஊர்ப் பெயரில் வரும் மஞ்சள் ரிசோட்டோவில் மரபுப்படி எலும்பு மஜ்ஜையும் உண்டு. பார்மிஜானோ சீஸைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனட்டை வைத்துத்தான் உறைய வைக்கிறார்கள். உடம்புக்கு இதில் கேடு இல்லை, உங்கள் மனசுக்கு ஏற்காவிட்டால் தவிர்க்கலாம். கடலை நினைவூட்டும் பெயரைக் கேட்டு மீன் இருக்கும் என்று ஓட வேண்டாத ஒன்று மரினாரா பிட்சா: தக்காளி, பூண்டு, ஒரேகானோ, எண்ணெய், அவ்வளவுதான். ஜெனோவா பக்கம் போனால் ஃபரினாத்தா கேளுங்கள். கடலை மாவைக் கரைத்து அடுப்பில் சுட்ட அடை, சர்க்கரைக்காரர்களுக்கு பிட்சாவைவிட நூறு மடங்கு மேல்.

பெட்டியில் புளிக்காய்ச்சலும் குட்டி ரைஸ் குக்கரும்தான் எல்லோரும் எடுத்துப்போவது. அதை வைத்து வேளாவேளைக்குச் சோறு தின்றால் பழைய கதைதான். பருப்புப் பொடி, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, சோயா உருண்டை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த சோயா உருண்டை ஐம்பது கிராமில் 25 கிராம் புரதம். கொதிநீரில் ஊறவைத்தால் போதும். வடித்த சோற்றை அறையிலேயே வைத்திருந்து மறுநாள் சாப்பிடாதீர்கள். சோற்றில் வளரும் ஒரு பாக்டீரியாவின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுவரக் கூடாது. கறிவேப்பிலையும் வேண்டாம்.

சைவம் என்பதற்காக வயிறு கெடாமல் இருக்காது. பாங்காக் தெருவில் நறுக்கி வைத்த பழமும் பச்சைக் காய் சாலட்டும்தான் நம்மவர்களைப் படுக்க வைப்பவை. சுடச்சுட இருப்பதைச் சாப்பிடுங்கள், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நான்கு வைத்துக்கொள்ளுங்கள். பேதியும் வாந்தியுமாக இருக்கும் நாளில் மெட்ஃபார்மினையும் நிறுத்திவைக்க வேண்டியிருக்கும், போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

கணவரைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். பி.பி.க்காரர் பெட்டியிலிருந்து ஊறுகாய் பாட்டிலையும் அப்பளக் கட்டையும் எடுத்துவிடுங்கள். ஜே கடை, மிசோ, சோயா சாஸ் என்று போகிற வழியெல்லாம் உப்பு அவருக்காகக் காத்திருக்கிறது. அவரும் உங்களைப் போலவே பிறவிச் சைவம் என்பதால், ரத்தம் கொடுக்கப் போகும்போது அவருக்கும் சேர்த்து ஒரு பி12 எழுதச் சொல்லுங்கள்.