மாமாவின் கீனோ நோட்டு

அன்புள்ள ஐயா,

நாங்கள் சிட்னியில் இருக்கிறோம். ஊரிலிருந்து என் மாமனார் வந்திருக்கிறார். பொழுது போகட்டும் என்று வீட்டுக் கம்ப்யூட்டரில் இலவச கீனோ விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். இப்போது தினமும் ஒரு நோட்டில் எந்த எண் அடிக்கடி விழுகிறது, எது வெகுநேரமாக விழவில்லை என்று குறித்து வைக்கிறார். கணக்கில் பாயின்ட் லட்சத்தைத் தாண்டிவிட்டது. “கை படிந்துவிட்டது, கிளப்பில் நிஜப் பணம் வைத்துப் பார்க்கலாம்” என்கிறார். கம்ப்யூட்டரில் பழகுவதால் பயன் உண்டா? அந்த நோட்டில் ஏதாவது இருக்கிறதா?

பெயர் வேண்டாம் என்ற வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மாமா நோட்டில் குறித்திருப்பதெல்லாம் உண்மையாகவே இருக்கும். அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவில்தான் கோளாறு.

கீனோ தெரியாதவர்களுக்காக: 1 முதல் 80 வரை எண்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் 20 எண்கள் விழும். நாம் முன்கூட்டியே ஒன்றோ ஐந்தோ பத்தோ எண்களைக் குறித்துப் பணம் கட்ட வேண்டும். எத்தனை பொருந்துகிறதோ அதற்கேற்பக் கொடுப்பார்கள். சீனத்து லாட்டரி ஒன்றிலிருந்து வந்தது. அங்கே எண்களுக்குப் பதிலாக எழுத்துகள் இருந்தன. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த சீனர்களோடு போய், 1930-களில் நெவாடாவின் ரீனோ நகரத்துச் சூதாட்ட விடுதிகளில் இடம்பிடித்தது. அங்கே லாட்டரிக்குத் தடை இருந்ததால் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குதிரையின் பெயரை வைத்துப் பந்தயம் என்று ஒப்பேற்றினார்கள். சட்டத்தைச் சுற்றிப் போகிற சாமர்த்தியம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

சரி, நோட்டுக்கு வருவோம். 80-இல் 20 என்றால் கால் பங்கு. அப்படியானால் போன ஆட்டத்தில் விழுந்த இருபதில் சராசரியாக ஐந்து எண்கள் இந்த ஆட்டத்திலும் விழும். மாமா அந்த ஐந்தைப் பார்த்து ‘இதெல்லாம் நல்ல ஓட்டத்தில் இருக்கிறது’ என்று எழுதியிருப்பார். அப்புறம், ஒரு எண் தொடர்ந்து பத்து ஆட்டங்களில் விழாமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தரைக்குச் சற்று மேல். எண்கள் 80 ஆயிற்றே! ஆகவே எப்போது பார்த்தாலும் நான்கைந்து எண்கள் கடைசிப் பத்து ஆட்டங்களாகத் தலைகாட்டாமல் இருக்கும். ‘இனி வந்தாக வேண்டும்’ என்று அவற்றைக் குறித்திருப்பார். வரும், அதே கால் பங்கு வாய்ப்போடு.

எண்களில் ஒழுங்கைக் கண்டுபிடித்து ஜெயித்தவர்களே இல்லையா என்று மாமா கேட்கலாம். உண்டு. 1994-இல் கனடாவின் மான்ட்ரியால் கேசினோவில் டேனியல் கொரிவோ என்பவர் அடுத்தடுத்து மூன்று முறை 20-க்கு 19 எண்களைச் சரியாகச் சொல்லி 6,20,000 கனடிய டாலர் வென்றார். கம்ப்யூட்டரை வைத்து எண் வரிசையை ஆராய்ந்ததாகச் சொன்னார். விசாரணையில் வெளிப்பட்டது வேறு: அங்கிருந்த கீனோ இயந்திரம் ஒவ்வொரு காலையும் ஒரே தொடக்க எண்ணிலிருந்து கிளம்பி, நேற்றைய வரிசையையே திரும்பவும் துப்பியிருக்கிறது. அவர்மீது தப்பில்லை என்று பணத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

பழைய கம்ப்யூட்டர்களில் பேசிக் மொழியில் நிரல் எழுதியவர்களுக்கு இது பழகிய விஷயம். ‘ரேண்டமைஸ்’ என்ற ஒரு வரியை மறந்தால் நிரலை ஓட்டும்போதெல்லாம் அதே ‘தற்செயல்’ எண்கள் அதே வரிசையில் வந்து நிற்கும். ஒரு கேசினோவே அந்த மாதிரி மறதியில் மாட்டியது எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. கொரிவோவுக்குக் கிடைத்தது பழுதான இயந்திரம். சரியாக ஓடுகிற இயந்திரத்தின் முன்னால் மாமாவின் நோட்டுக்கு வேலை இல்லை.

பாயின்ட் லட்சத்தைத் தாண்டியதற்குக் காரணமும் சாதாரணமானது. பல இலவச விளையாட்டுகளில் பரிசு அட்டவணை தாராளமாக இருக்கும். கையிருப்பு தீர்ந்தால் அதுவே மறுபடி நிரப்பிவிடும். கிளப் அப்படி நிரப்பாது. ஒரே ஒரு எண்ணை வைத்து ஆடுவதைப் பாருங்கள்: ஒரு டாலர் கட்டினால், விழும்போது மூன்று டாலர் கொடுப்பது பல இடங்களில் உள்ள வழக்கம். நான்கு ஆட்டத்துக்கு ஒரு முறைதான் விழும். நான்கு கொடுத்து மூன்று வாங்குகிறோம். பத்து எண் குறித்துப் பத்தும் விழுவதற்கான வாய்ப்போ ஏறக்குறைய 89 லட்சத்தில் ஒன்று.

ஆனாலும் வீட்டுக் கம்ப்யூட்டரைக் குறை சொல்ல மாட்டேன். கிளப் திரையில் அடுத்த ஆட்டத்துக்குச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் தோற்றது மறந்துவிடுகிறது. வீட்டில் ஒரு கிளிக்கில் இருபது எண்களும் விழுந்துவிடும். ஒரே மதியத்தில் ஐநூறு ஆட்டம் ஆடிவிடலாம்.

அதைத்தான் செய்யச் சொல்லுங்கள். உங்கள் கிளப்பின் பரிசு அட்டவணையை வாங்கி வந்து பக்கத்தில் வையுங்கள். விளையாட்டு காட்டும் பாயின்டை மறந்துவிட்டு, ஐநூறு டாலரில் தொடங்கி, ஆட்டத்துக்கு ஒரு டாலர், ஒரே எண். அட்டவணைப்படி வரவு செலவை மாமாவே எழுதட்டும்; நடுவில் நிரப்பக் கூடாது. எண்களைக் குறிக்க வேண்டாம், இருபது ஆட்டத்துக்கு ஒரு முறை இருப்பை மட்டும் குறிக்கட்டும். மூன்று டாலர் அட்டவணை என்றால் முடிவில் 375-ஐ ஒட்டி ஏதோ ஒன்று இருக்கும். அதன் பிறகும் கிளப்புக்குப் போக ஆசைப்பட்டால் கூட்டிக்கொண்டு போங்கள், தோற்றாலும் பரவாயில்லை என்கிற அளவுக்குச் சில்லறையை மட்டும் அவர் கையில் கொடுத்து. வங்கிக் கார்டு உங்களிடமே இருக்கட்டும்.